மாணவர்கள் எடுத்த பாட்டு வீடியோ: பார்த்தவர்களும் எடுத்தவர்களும் எழுதுங்கள்

பழைய ஹார்ட்டிஸ்க்

சென்னையில் ஒரு கல்லூரியின் விஸ்காம் துறையில், இறுதியாண்டு மாணவர்களின் பாட்டு வீடியோக்களுக்கு மதிப்பெண் போடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வாத்தியார் இல்லை, 15 வருடமாக எடிட்டிங் செய்து வயிறு வளர்ப்பவன். காலை பத்து மணியிலிருந்து வரிசையாக 18 வீடியோ. மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்து முறை அடையாற்று உடைந்த பாலத்துக்குப் போய் வந்துவிட்டேன். புதுச்சேரி மஞ்சள் சுவர் நான்கு முறை. தனுஷ்கோடி தேவாலயம் இரண்டு முறை. 1964 புயலுக்கு மிஞ்சிய சுவர்கள் இன்னும் எத்தனை காதல் தோல்வியைத் தாங்குமோ தெரியவில்லை.

பதினோராவது வீடியோவில் வெறும் மொட்டை மாடி. ஐந்தாறு கொடிக்கயிறு, நிறையச் சேலைகள் காய்கின்றன. ஒரு பெண் பாடிக்கொண்டே அவற்றுக்கு நடுவில் நடக்கிறாள், கேமரா கூடவே போகிறது. மூன்றரை நிமிடமும் ஒரே ஷாட். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் சந்தேகம். மறுபடி போடச் சொன்னேன், ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது தடவை பாடுகிறவளை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். பல்லவியில் அவள் நிழல் காலடியில் குட்டையாகக் கிடக்கிறது. கடைசிச் சரணத்தில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நீண்டிருக்கிறது. மூன்றரை நிமிடத்தில் சூரியன் அவ்வளவு இறங்காதே! ஒவ்வொரு தடவையும் ஒரு சேலை லென்ஸை உரசிக்கொண்டு போகும்போது, அரை நொடிக்குத் திரை முழுக்க ஒரே நிறம். வெட்டு அதற்குள் ஒளிந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், ஆறு. மாம்பழ மஞ்சள் சேலைக்குள் போகிற பெண் அதே மஞ்சளிலிருந்து வெளியே வருகிறாள், நடுவில் ஒரு மணி நேரம் போயிருக்கிறது.

வெளியே வந்து அந்தப் பையனிடம், "எப்படித் தம்பி இந்த ஐடியா வந்துச்சு?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "ஐடியா எல்லாம் இல்ல சார். மே மாச வெயில். அரை நிமிஷம் எடுத்தா போன் சூடாகி கேமரா தானா மூடிக்கும். கீழ கொண்டுபோய் ஃபேனுக்கு அடியில வெச்சு ஆறவிட்டுட்டு வருவோம். வர்றதுக்குள்ள வெயில் நகர்ந்திடும்." போன் மக்கர் பண்ணுவதற்கு முன்னால் ஒரு சேலை வருகிற மாதிரி கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரே ஷாட் போலத் தெரியவேண்டும் என்பதே அப்புறம் தோன்றியதுதானாம்.

அன்றிலிருந்து மாணவர் வீடியோ என்றால், இவர்களிடம் என்ன இல்லாமல் இருந்திருக்கும் என்றுதான் முதலில் தேடுகிறேன். உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது மாட்டியிருந்தால் எழுதுங்கள். எடுத்தவர்களும் எழுதலாம், திட்ட மாட்டேன்.

கல்யாண வீடியோக்காரன்

மதுரையில் சின்னதாக ஒரு வீடியோ கடை வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் காலேஜ் பிள்ளைகள்தான் எனக்கு வாடிக்கை. கேமரா ஆடாமல் பிடிக்கிற கிம்பல் வாடகைக்குப் போகும். திரும்பி வந்ததும் கார்டில் மறந்து விட்ட ஷாட்டுகளைப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரு பையன் முதுகைக் காட்டி நடந்துபோவான். எங்கேதான் போகிறார்களோ.

ஒரு தடவை அக்கா மகனோடு வைகை மணலுக்குப் போனேன். அவன் ஆசை, சுற்றியிருப்பது எல்லாம் மெதுவாக அசையவேண்டும், பாடுகிறவன் உதடு மட்டும் பாட்டோடு ஒட்டி இருக்கவேண்டும். இது சினிமாவில் பழைய வித்தைதான். நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓடப்போகிற படத்தை 48 ஃப்ரேமில் எடுத்தால் அசைவு பாதி வேகத்துக்கு வந்துவிடும். அதனால் எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு வாயசைக்க வேண்டும். மருமகன் கேமராவை 60 ஃப்ரேமில் வைத்துவிட்டான். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. சோகப் பாட்டை இரண்டரை மடங்கில் ஓடவிட்டால் அணில் சண்டை போடுவது மாதிரி இருக்கிறது. பாடுகிறவன் சிரிக்கிறான், கேமராமேன் சிரிக்கிறான், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து, "என்னப்பா, டேப்பு சுத்திக்கிருச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கடைசியில் 30 ஃப்ரேமுக்கு இறக்கி, பாட்டை ஒன்றேகால் மடங்கில் ஓடவிட்டோம். அதுதான் சரியாக வந்தது. ஸ்லோ மோஷன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பின்னால் நிற்கிற ஆட்டின் காது மட்டும் ஏதோ தண்ணீருக்குள் ஆடுவது மாதிரி ஆடும். பார்க்கிறவர்களுக்கு என்னமோ ஒன்று உறுத்தும், என்னவென்று சொல்ல வராது. எனக்கு அந்தக் காது போதும்.

கலர்க்காரி

படங்களுக்கு நிறம் சரிசெய்கிற வேலைக்கு நான் சேர்ந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண் தன் புராஜெக்டைக் கொண்டுவந்தாள். பாட்டி பேத்தி பாட்டு. பாட்டி சமையலறையில் முருங்கைக்கீரை உருவுகிறார், ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுகிறது. எடுத்தது அவ்வளவு அழகு. அதன்மேல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு லட்டை (LUT, ரெடிமேட் நிறமாற்ற ஃபைல்) அப்படியே தூக்கிப் போட்டிருந்தாள். நிழல் எல்லாம் நீலம், தோல் எல்லாம் ஆரஞ்சு. கீரை சாம்பலாகிவிட்டது. பாட்டி முகம் செங்கல்.

லட் என்பது மந்திரம் இல்லை, இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக மாற்று என்கிற அட்டவணை, அவ்வளவுதான். அதைச் செய்தவர் எந்தக் கேமராவை, எப்பேர்ப்பட்ட வெளிச்சத்தை, யாருடைய தோலை மனதில் வைத்துச் செய்தாரோ, அதற்குத்தான் சரியாக இருக்கும். படத்தில் இருக்கிற நிறங்களை ஒரு வட்டத்துக்குள் புள்ளிகளாகக் காட்டுகிற வெக்டர்ஸ்கோப்பைத் திறந்து காட்டினேன். அதில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. கறுப்போ மாநிறமோ சிவப்போ, யாருடைய தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். வெளுப்பும் அடர்த்தியும்தான் ஆளுக்கு ஆள் மாறும். லட்டை எடுத்துவிட்டு, வெளிச்சத்தையும் வெள்ளையையும் மட்டும் சரிசெய்ததும் பாட்டி வந்து கோட்டில் உட்கார்ந்தார். கீரை பச்சையானது.

"அப்போ சினிமாட்டிக்கா இருக்காதே அக்கா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் போட்டிருந்தாள். எடுக்கும்போது பட்டையை நினைத்து ஃப்ரேம் வைக்கவில்லை. எடுத்த பிறகு ஒட்டியதில் பாட்டியின் நெற்றித் திருநீறு முழுதாகப் பட்டைக்குள் போய்விட்டது. பட்டையைக் கழற்றச் சொன்னேன். அவள் கழற்றவில்லை. படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கித் திருநீற்றை மட்டும் காப்பாற்றினாள்.

பனங்கொட்டை

யாழ்ப்பாணத்தில் எங்கட பெடியள் எடுக்கிற பாட்டு பத்தில் எட்டு ட்ரோனில்தான் தொடங்கும். கோட்டை, பனை, கடல், பிறகு மோட்டார் சைக்கிள். போன வருசம் ஒரு பிள்ளை ட்ரோன் கிடைக்காமல் சைக்கிள் கூடைக்குள் கமராவை வைத்து எடுத்திருந்தது. ரோட்டில் கிடங்கு, அதுதான் பள்ளம், வரும்போதெல்லாம் படம் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் ஒவ்வொரு வெட்டும். கிடங்குகளைத் தாளத்துக்கு அடுக்கியிருந்தது என்று பிறகுதான் விளங்கியது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை, வடிவாய் இருந்தது.

தாளக்கணக்கு

பனங்கொட்டை சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். நான் ஒரு கல்லூரியில் எடிட்டிங் எடுக்கிறேன். பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வதும் கடைசிவரை விடாததும் பீட்டுக்கு, அதாவது பாட்டின் ஒவ்வொரு தாள அடிக்கும், வெட்டுவதுதான். நிமிடத்துக்கு 90 பீட் உள்ள பாட்டு என்றால் 24 ஃப்ரேமில் ஒரு பீட்டுக்குச் சரியாக 16 ஃப்ரேம். கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்துவிட்டால் விடுவார்களா? ஒரு பையன் மூன்றரை நிமிடப் பாட்டுக்கு 300க்கு மேல் வெட்டு வைத்திருந்தான். முதல் நிமிடத்துக்கு அப்புறம் கண் மரத்துப்போய், ஒரு வெட்டுகூடத் தெரியவில்லை.

இதே வகுப்பில் இன்னொரு வீடியோ. கல்யாணப் பாட்டு, நாதஸ்வரம், தவில், குதூகலம். படத்தில் மாப்பிள்ளையும் இல்லை, பொண்ணும் இல்லை. பந்தி முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் அண்டா கழுவுகிற நான்கு பெண்கள் மட்டும்தான். மொத்தமே 19 ஷாட். வெட்டு எதுவும் தாளத்தில் விழவில்லை, ஆனால் தாளம் படத்துக்குள் இருந்தது. தேங்காய் நாரால் தேய்க்கிற கை தவிலோடு போகும். தவில் நிற்கிற இடத்தில் ஒரு அம்மா அண்டாவைக் கவிழ்ப்பார், தண்ணீர் ஓடும். அவ்வளவு நேரமும் பாட்டு குதூகலமாகவே இருக்கும், அவர்கள் முகத்தில் அசதி.

இசை வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வந்த தன் புத்தகத்தில் படம் பாட்டோடு மூன்று விதமாக உறவாடும் என்கிறார்: பாட்டு சொல்வதையே காட்டுவது, அதைப் பெருக்கிக் காட்டுவது, ஒட்டாமல் விலகி நிற்பது. வருடா வருடம் இதைப் போர்டில் எழுதிப்போடுகிறேன். மூன்றாவதற்கு மட்டும் என்னிடம் நல்ல உதாரணம் இருந்ததில்லை. இப்போது அந்த அண்டா வீடியோவைப் போட்டுக் காட்டிவிடுகிறேன். எடுத்த பெண்ணின் அம்மா அந்த நால்வரில் ஒருவர் என்பது வைவாவில்தான் தெரியவந்தது.

கல்யாண வீடியோக்காரன்

நூற்றுக்கணக்கான கல்யாணம் எடுத்திருக்கிறேன். மண்டபத்துக்குப் பின்னால் கேமராவோடு ஒருநாளும் போனதில்லை.

மூணாவது பெஞ்ச்

எடுத்தவர்களும் எழுதலாம் என்று சொன்னதால் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். திட்டக்கூடாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் ராத்திரி பாட்டு எடுத்தோம். ரீல்ஸுக்கும் ஆகட்டும் என்று போனைச் செங்குத்தாகப் பிடித்து, 30 ஃப்ரேமில், எதையும் தொடாமல் ஆட்டோவில் விட்டுவிட்டோம். காலையில் பார்த்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் நின்றவாக்கில் இடமிருந்து வலமாக ஊர்ந்து போகின்றன. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகிறது, போன் 1/60 ஷட்டரில் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 1/60 நொடி வெளிச்சம் வாங்கி) எடுத்தால் இரண்டும் ஒத்துவராமல் பட்டையடிக்கும், 1/50இலோ 1/100இலோ வைத்திருந்தால் போயிருக்கும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மறுபடி எடுக்க நேரமும் இல்லை, நடித்தவன் மொட்டை வேறு அடித்துவிட்டான்.

அப்படியே சமர்ப்பித்தோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "விடுதி வாழ்க்கையைச் சிறைக்கம்பியாகக் குறியீடு செய்திருக்கிறீர்கள். கம்பிகள் நகர்கின்றன, ஆனால் முடிவதில்லை. நன்று" என்றார். நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். வகுப்பிலேயே எங்களுக்குத்தான் அதிக மார்க்.

பழைய ஹார்ட்டிஸ்க்

தம்பி, அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். போனைக் கிடைமட்டமாகப் பிடித்திருந்தால் பட்டை படுத்திருக்கும், கம்பியாகத் தெரிந்திருக்காது. அதுவும் உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி: பட்டை இருக்கிற ஷாட்டுகளை எல்லாம் வைத்துக்கொண்டீர்களா, இல்லை பொறுக்கினீர்களா?

மூணாவது பெஞ்ச்

பொறுக்கினோம் சார். பட்டை முகத்துக்கு நேரே வந்து நிற்கிற இடத்தில் பாட்டு வரியும் நிற்கிற மாதிரி ராத்திரி முழுக்க உட்கார்ந்து இழுத்து இழுத்து வைத்தோம். அழுக்கு என்று தெரிந்துவிட்டது, அதைக் கோலமாகவாவது போடுவோம் என்றுதான்.

கதை இன்னும் இருக்கிறது. போன வருடம் வேலை கேட்டுப் போகும்போது காட்ட ஷோரீல் தேவைப்பட்டது. அதே பாட்டை நல்ல கேமராவில் மறுபடி எடுக்கலாம் என்று பழைய டீமைக் கூட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனோம். இந்தத் தடவை எல்லாம் தெரிந்து வைத்திருந்தோம், ஷட்டர் 1/60, கேமரா செங்குத்து. எடுத்துப் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு பட்டைகூட இல்லை. அண்ணாந்து பார்த்தோம். வராந்தா முழுக்க எல்இடி மாற்றியிருந்தார்கள்.

வாட்ச்மேன் அண்ணனிடம் போய்ப் பழைய டியூப்லைட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். ஸ்டோர் ரூமைத் திறந்து, தூசி தட்டி, சோக்கோடு இரண்டு பட்டி எடுத்துக் கொடுத்தார். "நீங்க இருந்த நாலு வருஷமும் இந்த லைட்டு சரியில்லன்னு என்கிட்டதான் கத்துனீங்க" என்றார். அப்புறம் ஏணியை அவரே பிடித்துக்கொண்டார்.