உறைபனியில் கேமரா: வெளியே போனபோது ஒன்றும் ஆகவில்லை, உள்ளே வந்தபோதுதான்

(குளிரில் படம் எடுக்கப் போன நால்வர் ஒருவர் பின் ஒருவராக எழுதியது.)

கையேட்டில் "0 முதல் 40 டிகிரி வரை" என்று அச்சிட்டிருந்தார்கள். நான் போய் நின்றது மைனஸ் 18 டிகிரியில். உறைந்த ஏரிக்கரையில் இரண்டரை மணி நேரம். சூரியன் மேலே வர மனமில்லாமல் மரங்களுக்குப் பின்னாலேயே பதுங்கிக்கொண்டிருந்தது. விரல் மரத்தது, மூக்கு மரத்தது. கேமரா ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று கொஞ்சம் மிதப்போடுதான் திரும்பினேன்.

வினை அறைக்குள் காத்திருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு கையுறைகளையும் கழற்றினேன். அந்த நேரம் போதுமானதாக இருந்தது. லென்ஸில் கண்புரை விழுந்ததுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது. துடைத்தேன், துணி போன தடத்திலேயே மறுபடியும் பூத்தது. பொத்தான்களின் இடுக்குகளில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். உள்ளே உலரட்டும் என்று லென்ஸைக் கழற்றினேன் பாருங்கள், அதுதான் உச்சம். அதுவரை வெளியே மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது, இப்போது உள்ளே ஒளியைப் படமாக்கும் சென்சாரின் மேலும் வியர்த்தது. காய்ந்த பிறகு அந்த நீர் விட்டுப்போன கறை, அடுத்து எடுத்த படங்களிலெல்லாம் வானத்தின் ஒரே மூலையில் சாம்பல் வட்டமாக உட்கார்ந்திருந்தது.

குளிர்ந்த நீர் ஊற்றிய குவளையின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே கதைதான். அறைக்காற்றில் இருக்கும் ஈரம், தன்னைவிட மிகவும் குளிர்ந்த பொருளைத் தொட்டதும் நீராகிவிடுகிறது. இப்போதெல்லாம் வாசலுக்கு வெளியிலேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். பூக்க வேண்டிய ஈரம் பையின் மேல் பூத்துவிட்டுப் போகிறது. இரண்டு மணி நேரமாவது பையைத் திறப்பதில்லை. பெரிய லென்ஸ் என்றால் இன்னும் கூடுதலாக. படம் பார்க்கும் அவசரம் இருப்பவர்கள், பையை மூடுவதற்கு முன்பே மெமரி கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

* * *

முதலில் எழுதிய நண்பரே, உங்களைப் படுத்தியது ஈரம், என்னைப் படுத்தியது பேட்டரி.

முந்தைய இரவு முழுதாகச் சார்ஜ் செய்தது, நாற்பது படம்கூடத் தாண்டவில்லை, சிவப்பு விளக்கு. மாற்றுப் பேட்டரியைப் போட்டேன். அதை முதுகுப்பையின் வெளி அறையில் வைத்திருந்தேன், அதுவும் ஏறக்குறைய பிணம்தான். உடன் வந்த பெரியவர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் வாங்கித் தன் உள்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அரைமணி கழித்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் காட்டுகிறது!

பேட்டரி காலியாகவில்லை, விறைத்துப்போயிருந்தது. குளிரில் லித்தியம் அயனிகள் உள்ளே நகர்வது மந்தமாகிறது, உள்மின்தடை கூடுகிறது. கேமரா மின்சாரத்தை இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரிகிறது. கேமரா அதைப் பார்த்துவிட்டு "காலி" என்று முடிவுகட்டிவிடுகிறது. அன்றிலிருந்து ஒன்று கேமராவில், இரண்டு உடம்போடு ஒட்டி. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று: விறைத்த பேட்டரியை வந்ததும் வராததுமாக சார்ஜரில் செருகாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது. முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

* * *

பேட்டரியை உடம்போடு வைத்துக்கொள்ளச் சொன்னார் மேலே எழுதிய நண்பர். அதைப் படித்துவிட்டு யாரும் கேமராவையே கோட்டுக்குள் நுழைத்துவிடாதீர்கள். நான் நுழைத்தேன். ஏற்றம் ஏறி வந்த வியர்வை ஆவி முழுவதும் அதில் படிந்தது. வெளியே எடுத்ததும் ஈரம் உறைந்து, லென்ஸின் குவிய (ஃபோகஸ்) வளையம் திரும்ப மறுத்தது. கேமரா குளிர்ந்தால் குளிர்ந்தபடியே இருக்கட்டும்.

மூச்சும் அப்படித்தான். வியூஃபைண்டரில் கண்ணை வைக்கும்போது என்னை அறியாமல் மூச்சை அடக்கப் பழகிவிட்டேன். லென்ஸில் பனித்தூள் விழுந்தால் ஊதித் தள்ளத் தோன்றும். ஊதினீர்களோ, தூளாக இருந்தது கண்ணாடியோடு ஒட்டிய ஏடாகிவிடும். மென்தூரிகையால் தட்டிவிடுவதே நல்லது.

* * *

எல்லோரும் குளிரைத் திட்டுகிறீர்கள். துருவப் பகுதி வானில் இரவில் ஆடும் வண்ண ஒளியை, துருவ ஒளியை, எடுக்கப் போனவன் என்ற முறையில் அதற்காக ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன்.

பதினைந்து, இருபது விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்த படங்களில், வெப்பமான இரவுகளில் என் கேமரா தூவும் சிவப்பும் நீலமுமான புள்ளிகள் அன்று மிகவும் குறைவு. ஒளி படாமலேயே சென்சார் தானாக உண்டாக்கி அந்தப் புள்ளிகளைத் தரும் இருள் மின்னோட்டம் குளிரக் குளிரக் குறையும். விண்மீன்களைப் படம் பிடிக்கவென்றே செய்த கேமராக்களில் காசு கொடுத்துக் குளிரூட்டி வைக்கிறார்கள். எனக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். பின்பக்கத் திரை சோம்பேறியாகிவிட்டது. ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போனால் பழைய படத்தின் நிழல் சற்று நேரம் தங்கி நின்றது. திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் குளிரில் தடித்துப்போவதால் அப்படி. கிளம்பும்போது நட்சத்திரத்தில் துல்லியமாக வைத்த குவியம், லென்ஸ் குளிர்ந்து சுருங்கியதும் மெல்ல நகர்ந்துவிட்டது. ஒரு மணி நேரப் படங்களில் நட்சத்திரமெல்லாம் கடுகாக இல்லாமல் பட்டாணியாக இருந்தன. அரைமணிக்கு ஒரு முறை பெரிதாக்கிச் சரிபார்த்திருக்க வேண்டும்.

காற்று வீசினால் கேமரா இன்னும் குளிருமா என்று பலர் கேட்கிறார்கள். சுற்றியிருக்கும் வெப்பநிலையைச் சீக்கிரம் அடையும், அவ்வளவுதான்; காற்று அதை அதற்குக் கீழே தள்ளாது. தெளிந்த வானம்தான் தள்ளும். அண்ணாந்து நிற்கும் லென்ஸ் தன் சூட்டை வானத்துக்குக் கொட்டி, காற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குளிர்ந்து, மேலே உறைபனி பிடித்துக்கொள்ளும். லென்ஸைச் சுற்றி, கைக்கு வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் ஒன்றை ரப்பர் வளையத்தால் கட்டினேன், பனி பிடிக்கவில்லை. அதை முழுக்க மூடிக் கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றுப் பட்டால்தான் சூடாகும்.

* * *

முதலில் எழுதியவன்தான். சென்ற வாரம் மறுபடியும் போனேன். எல்லாம் முறைப்படி: பேட்டரி உள்பையில், மூச்சு அடக்கத்தில், திரும்பியதும் வாசலிலேயே ஜிப் பை. நாற்காலியில் சாய்ந்து, படங்களைப் பார்க்கலாம் என்று சட்டைப்பையில் கையை விட்டேன். மெமரி கார்டு கேமராவிலேயே இருந்தது. பையின் மேல் பூத்த நீர் ஒவ்வொரு துளியாக மேஜையில் இறங்குவதைப் பார்த்தபடி, கடிகாரத்தையும் பார்த்தபடி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.