பெயின்ட்டுக்கு அடியில் ஃபிரேம் எண்: பல பைக்குகளின் பாகங்களில் சேர்த்த ரோடு பைக்கை விற்ற அனுபவங்கள்

விடியல்மிதி (தாம்பரம்)

பாகம் பாகமாகச் சேர்த்த பைக்கை (மோட்டார் இல்லை, சைக்கிள்தான்) விற்கப்போய் மனம் நொந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஆறவில்லை.

54 அளவு அலுமினிய ஃபிரேம். மாமல்லபுரம் வரை என்னோடு ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்தது. ஷிமானோவின் டியாக்ரா 4700 வரிசை ஷிஃப்டர் (கியர் மாற்றும் கைப்பிடி), அதே வரிசைப் பின் டெரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்துவது), 105 வரிசைக் கிராங்க் (பெடல் மாட்டும் கை), சக்கரங்கள் வேறொரு பைக்கிலிருந்து. இரண்டரை ஆண்டு ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தேன். பழைய வண்ணம் உரிந்துகிடந்ததால் மோட்டார் சைக்கிள் பட்டறையில் கொடுத்துக் கருநீலம் அடித்தேன். விலை 32,000.

வேலூரிலிருந்து ஓர் அப்பாவும் கல்லூரி படிக்கும் மகனும் ரயிலில் வந்தார்கள். பையன் தெருவில் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அப்பா பைக்கைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். கிராங்க் அச்சு நுழையும் குழாய்க்கு அடியில் ஃபிரேம் எண் இருக்குமே, அந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பெயின்ட் தடித்து எண் மூடிப்போயிருந்தது. மறுபடி சுரண்டினார். நகத்தில் கருநீலத் துகள் ஒட்டிக்கொண்டது.

"பில் இருக்கிறதா சார்?"

"இல்லை, நண்பர் கொடுத்தது."

நகத்தை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டு, "வா தம்பி, ரயிலுக்கு நேரமாகிறது" என்று கிளம்பிவிட்டார்.

திருட்டு பைக் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மருதமலைச்சாலை (கோயம்புத்தூர்)

அண்ணா, அந்த அப்பா செய்தது சரிதான். பில்லும் இல்லை, எண்ணும் தெரியவில்லை என்றால் நானும் வாங்கமாட்டேன்.

என் கதை வேறு. என் பைக்கை நானே கட்டினேன். கேபிள் போட்டதிலிருந்து ஹேண்டில் டேப் சுற்றியது வரை எல்லாம் என் கை. விற்கும் நாளில் புது ஆள் வீட்டுக்கு வருகிறாரே என்று தம்பி துணைக்கு நின்றான். அவனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. வந்தவர் அவனைப் பார்த்து, "செயின் எப்போது மாற்றினீர்கள்?" என்றார். "போன ஜனவரியில்" என்றேன் நான். தலையாட்டிவிட்டு, பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கைக் காட்டி மறுபடி அவனிடமே, "கேசட் எத்தனை பல்?" என்றார். "11-32" என்றேன். இப்படி ஏழு கேள்வி. ஏழுக்கும் பதில் சொன்னது நான். அவர் தலையாட்டியது தம்பியைப் பார்த்து. கடைசியில் பணத்தையும் அவன் கையில்தான் எண்ணிக் கொடுத்தார். கேட்ட விலை கிடைத்தது. ஆனாலும் அந்த நோட்டுகளை இரண்டு நாள் தொடவே பிடிக்கவில்லை.

கண்ணிக்கணக்கு (மதுரை)

நான் இதுவரை விற்றது ஒரே ஒரு பைக். வாங்கியவர் மறுநாளே திரும்பக் கொண்டுவந்தார். 4700 ஷிஃப்டரோடு 105 வரிசையின் பழைய 5700 டெரெய்லியரைப் போட்டு, "இரண்டும் பத்து வேகம்தான்" (பின்னால் பத்துப் பல்சக்கரம்) என்று கொடுத்திருந்தேன். நடுக் கியர்களில் செயின் ஓயாமல் தத்தளித்தது. வாசலிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பத்து வேகம் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் 4700 ஷிஃப்டர் கேபிளை இழுக்கும் அளவு 11 வேக வரிசைகளைப் போன்றது. 5700 பழைய கணக்கு. இரண்டும் சேராது. 11 வேக ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பத்து வேக கேசட் போட்டிருந்தால் உள்ளே 1.85 மி.மீ. வளையம் ஒன்று இருக்கும். அதைச் சொல்லாமல் விற்காதீர்கள். அடுத்த மெக்கானிக் கழற்றும்போது வளையத்தைத் தவறவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் கேசட் ஆடும். செயினில் 24 கண்ணிகளை எஃகு அளவுகோலில் வைத்துப் பாருங்கள். புதிது சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றிவிட்டு விற்பது மரியாதை. ஷிமானோவின் அல்டெக்ரா 6800 கிராங்க் இருந்தால் கிராங்க் கையின் உட்புறத்தில் உள்ள இரண்டெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். 2012 முதல் 2019 வரை செய்த சில 11 வேக கிராங்குகளைப் பரிசோதிக்கும்படி ஷிமானோ 2023 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எது எந்த ஆண்டு வாங்கியது என்று கையெழுத்தோடு கொடுங்கள்.

கோயம்புத்தூர்ச் சகோதரிக்கு ஒரு வார்த்தை: அப்படிப்பட்டவருக்கு நான் விற்றிருக்கவே மாட்டேன். தம்பியை உள்ளே அனுப்பியிருக்க வேண்டும்.

மருதமலைச்சாலை (கோயம்புத்தூர்)

மதுரை அண்ணா, முன்பின் தெரியாத ஆணோடு வாசலில் தனியாக நின்று 28,000 ரூபாய்க்குப் பேரம் பேசும் நிலை உங்களுக்கு வந்ததில்லை. தம்பி அங்கே நின்றதில் தவறில்லை. வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏற்றம் (சேலம்)

நான் வாங்கிய பக்கம். டாப் டியூபில் (ஃபிரேமின் மேல் குழாய்) கீறல் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே ஒரு பெரியவரிடம் 3,000 குறைத்தேன். கீறல் ஓட்டத்தை ஒன்றும் செய்யாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவர் வாதாடவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு வைத்து, டெரெய்லியர் மாட்டும் ஹேங்கர் ஒன்று. "இந்த ஃபிரேமுக்கு இதுதான் பொருந்தும். கடையில் கேட்டால் கிடைக்காது, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எட்டு மாதம் கழித்துக் கொல்லிமலையில், 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட ஏறியிருக்கமாட்டேன், மணலில் சறுக்கி வலப்பக்கமாக விழுந்தேன். ஹேங்கர் உள்பக்கம் வளைந்து டெரெய்லியர் ஆரக்கம்பியில் உரசியது. சேணப்பையில் தீப்பெட்டி இருந்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டு மேலே போனேன். அந்த 3,000 ரூபாயை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அவர் எண் என்னிடம் இல்லை.

விடியல்மிதி (தாம்பரம்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று துணியில் தின்னர் நனைத்து அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தேன். ஒவ்வோர் எழுத்தாக எண் முழுவதும் தெரிந்தது. நண்பர் ஃபிரேமைக் கொடுத்த அன்று எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தேன். அதிலும் அதே எண். இரண்டையும் வேலூர்க்காரருக்கு அனுப்பிவிட்டு அழைத்தேன். பையன்தான் எடுத்தான். "அப்பா பார்த்தார் அண்ணா. ஆனால் போன வாரமே வேறொன்று வாங்கிவிட்டோம்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "உங்களுடையது இதைவிட லேசாக ஓடியது" என்றான்.

பைக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பாகப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.