புதுப்பிப்பு: ஆக்சிமீட்டரில் அம்மாவுக்கு 89 காட்டிய விஷயம்

மூச்சுத்திணறல் எதுவும் இல்லாமலே அம்மாவுக்கு ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி) 89, 91 என்று குறைவாகக் காட்டுகிறதே என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். மருத்துவரிடம் காட்டிவிட்டோம், அங்கே 97. காரணம், சில்லிட்ட விரல்கள்தான். கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, ரத்தம் இரண்டையும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. விரலில் ரத்த ஓட்டம் குறைந்தால் கணக்கு தடுமாறும்.

இப்போது கையைத் தேய்த்துச் சூடாக்கி, மேசைமேல் ஆடாமல் வைத்து, கருவியின் திரையில் நாடித்துடிப்பு அலை சீராக ஏறி இறங்கும்வரை காத்திருக்கிறோம். 93-இல் தொடங்கும் எண் மெல்ல 97-க்கு வந்து நிற்கிறது. அப்புறம், அடர்நிற நகப்பூச்சும் அளவைக் கெடுக்கும், அழித்துவிடுங்கள்.

பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, கருவி 97 காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.