புதுப்பிப்பு: கடை வேலையோடு குரூப் 4 படிப்பு, கடைசியில் கைகொடுத்தது எது?

மதுரை கீழமாசி வீதியில் கடை வேலை, இரவு பத்துக்குத்தான் வீடு. குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குத் தினமும் படிக்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது என்று சித்திரைக்கு முன்னால் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழக்கம் பிடிபட்டுவிட்டது.

நாலு மணி அலாரம் ஒத்துவரவில்லை. புதுநத்தம் சாலை கலைஞர் நூலகம் அருமையான இடம், ஆனால் கடை நாளில் போய்வர நேரமில்லை. கைகொடுத்தது, பதில் போட்ட தெப்பக்குளம் அக்கா சொன்னதுதான்: தவறாமல் செய்யும் ஒன்றோடு சேர்த்துவிடு, அளவைச் சின்னதாக வை. காலை டீ டம்ளரைக் கீழே வைத்ததும் சமச்சீர்ப் புத்தகத்தில் இரண்டு பக்கம். புத்தகத்தை இரவே அடுப்படி மேடையில், டீத்தூள் டப்பாவை ஒட்டி வைத்துவிடுவேன். இரண்டு பக்கம் பல நாள் பத்தாகிவிடுகிறது.

எதிர்பாராதது ஒன்று. கள்ளழகர் எதிர்சேவைக்கு வீடு நிறைய விருந்தாளிகள், படிப்பு நின்றது. எல்லாம் போச்சு என்று பயந்தேன். அவர்கள் கிளம்பியதும் டீயோடு அதுவும் திரும்பிவிட்டது. 2009இல் வெளியான லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்விலும் ஒருமுறை தவறினால் பெரிய பாதிப்பில்லை என்றே இருக்கிறது. பழக்கம் படிய சராசரி 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற கணக்கை நம்பி யாரும் மனம் தளர வேண்டாம்.

ஞாயிறு மட்டும் இன்னும் சரிவரவில்லை, டீ நேரமே மாறிப்போகிறது. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.