மறு: போட்டோ ஜர்னலிஸ்ட் - தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். நம் சொற்பட்டியலுக்காகப் போட்டோ ஜர்னலிசம் என்ற துறைக்கும் போட்டோ ஜர்னலிஸ்ட் என்ற ஆளுக்கும் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம், வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> துறைக்கு 'ஒளிப்பட இதழியல்' போதும். ஆளைக் குறிக்க 'புகைப்படக் கலைஞர்' என்று நாளிதழ்களே எழுதுகின்றன, அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, துறைப் பெயரில் எனக்குச் சண்டை இல்லை. இதழ் என்றால் அச்சடித்த தாள்தானே, ராய்ட்டர்ஸ், ஏபி மாதிரிச் செய்தி முகமைகளும் இதழா என்று கேட்கலாம்தான், ஆனால் இதழியல் என்ற சொல் பல்கலைக்கழகப் பாடம் வரை ஊன்றிவிட்டது, விட்டுவிடுவோம். போட்டோவுக்குப் புகைப்படமா ஒளிப்படமா என்ற பழைய பஞ்சாயத்தையும் இங்கே மறுபடி கூட்ட வேண்டாம். எனக்கு உறுத்துவது அந்தக் 'கலைஞர்'.

2006இல் பெய்ரூட் மீது இஸ்ரேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம், ராய்ட்டர்ஸுக்குப் படம் அனுப்பிவந்த ஒருவர் கட்டடங்களுக்கு மேல் எழுந்த புகையைக் கணினியில் நகலெடுத்து ஒட்டி, இருந்ததைவிடக் கறுப்பாகவும் அடர்த்தியாகவும் ஆக்கி அனுப்பிவிட்டார். ஒரே மாதிரிச் சுருள் வரிசையாக வருவதை வலைப்பதிவர்கள் கவனித்துக் கேள்வி எழுப்ப, ராய்ட்டர்ஸ் அவரோடு உறவை முறித்துக்கொண்டு, அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டது. அங்கே குண்டு விழுந்தது உண்மை, புகை வந்ததும் உண்மை. கலைஞர் என்று பார்த்தால் கொஞ்சம் மை கூட்டியதில் என்ன குற்றம்? கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகப்பருவை எடுப்பவரும் கலைஞர்தான், அவரை யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை. செய்தியாளர் என்று பார்த்தால் மட்டும்தான் அது பொய்.

இன்னொன்று, போபால். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த பிறகு ஒரு குழந்தையைப் புதைக்கும்போது ரகு ராயும் பாப்லோ பார்த்தோலோமியுவும் எடுத்த படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராய் எடுத்தது கறுப்பு வெள்ளை, பார்த்தோலோமியு எடுத்தது வண்ணம். வண்ணப் படத்துக்குத்தான் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் பட விருது கிடைத்தது. மண்ணுக்குள் முகம் மட்டும் தெரிகிறது, கண் திறந்தபடி இருக்கிறது, ராயின் படத்தில் ஒரு கை அந்த முகத்தைத் தொடுகிறது. படத்தில் அவ்வளவுதான். யார் பெற்ற குழந்தை என்று தெரியாது, படத்துக்குக் கீழே பெயர் போட வழியில்லை, அந்தப் பெயரில்லாத இடமும் செய்திதான். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கில் இன்றைக்கும் தகராறு இருக்கிறது, இந்த முகத்தோடு யாரும் தகராறு செய்ய முடியாது.

நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் சில வருடம் குப்பை கொட்டியவன். எங்கள் போட்டோகிராபர் ஒருவர் விபத்து நடந்த இடத்துக்குப் போனால், அடிபட்டவர் பெயர், வயது, ஊர் எல்லாம் பஸ் டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு வருவார். உடன் போன ரிப்போர்ட்டரே பல நாள் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். மறுநாள் ரிப்போர்ட்டருக்குப் பெயர் வரும், இவருக்கு வராது. ஒருமுறை மழைக்கால வெள்ளம் என்று அவருடைய முந்தைய வருடப் படத்தை எடுத்துப் போட்டார்கள், கீழே 'கோப்புப் படம்' என்ற இரண்டு சொல்லைக்கூடப் போடவில்லை. மனுஷன் பக்கத்தை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "நான் எடுத்ததுதான், ஆனா இது பொய்" என்றார். படத்தைப் படத்தோடு நிறுத்தாமல் தேதியோடு சேர்த்துப் பார்க்கிற அந்த ஆளைக் கலைஞர் என்று எப்படிச் சொல்வது?

> அப்படியானால் 'படச்செய்தியாளர்'?

முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது, சின்னதாக, வாயில் நன்றாக நுழைகிறது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "சினிமா ரிப்போர்ட்டரா?" என்று கேட்டாள் மகள். சரி, தோற்றேன். தமிழ்நாட்டில் படம் என்றால் முதலில் திரையரங்குதான். 'செய்திப்படம்' என்று திருப்பிப் போட்டாலோ, மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுவார்களே, பிரதமர் அணையைத் திறந்துவைக்கும் அந்தச் சுருள்தான் பழைய ஆட்களுக்கு நினைவு வரும்.

ஆகவே 'ஒளிப்படச் செய்தியாளர்'. ஓரெழுத்து ஈரெழுத்து நீளம் கூடினால் பரவாயில்லை, செய்தியாளர் என்ற பகுதி போகக்கூடாது. துறைக்கு இதழியல், ஆளுக்குச் செய்தியாளர் என்று ஒட்டாமல் இருக்கிறதே என்பீர்கள். ஒட்டாதுதான். இதழாளர் என்று எழுதிப் பார்த்தேன், இதழுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஒலிக்கிறது. இலங்கை நண்பர்கள் 'புகைப்பட ஊடகவியலாளர்' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சொல்லில் கலைஞர் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். புகையை ஒளியாக்கி அதையும் இணைச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்கலாமா, அங்கிருந்து யாராவது சொல்லுங்கள்.

படத்துக்குக் கீழே வரும் வரிக்குப் 'படவிளக்கம்' வேண்டாம், 'படக்குறிப்பு' போதும் என்பது என் கட்சி. படத்தில் தெரிவதையே மறுபடி விளக்கத் தேவையில்லை. யார், எங்கே, என்றைக்கு என்று குறித்தால் சரி. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு ஒளிப்பட இதழியல், ஒளிப்படச் செய்தியாளர், படக்குறிப்பு என்ற மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.