இறந்தவரின் பொருள்கள்: வைத்துக்கொள்வதா, படமெடுத்துவிட்டுக் கொடுத்துவிடுவதா?

வெற்றலமாரி: அப்பா போய் ஆறு வருடம். அவருடைய பெட்டியைக் காலி செய்யப் போகிறேன் என்றதும் வீட்டில் எனக்குக் கல்நெஞ்சக்காரன் பட்டம். நினைவு இருப்பது மூளையில், பெட்டியில் இல்லை. படமெடுத்து வைத்துக்கொண்டால் போதாதா? 2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நன்கொடை கேட்டார்கள். சும்மா "கொடுங்கள்" என்று கேட்ட இடத்தில் 533 பொருள்கள் வந்தன. "படமெடுத்துவிட்டுக் கொடுங்கள்" என்று கேட்ட இடத்தில் 613.

பழம்பெட்டி: மூளையில் இருப்பது சரி, கூப்பிட்டதும் வருமா? 1975-இல் காடன், பேடலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் முக்குளிப்பவர்களை வைத்துச் சோதித்தார்கள். தண்ணீருக்கடியில் கேட்ட சொற்கள் தண்ணீருக்கடியிலும், கரையில் கேட்டவை கரையிலும்தான் அதிகம் நினைவுக்கு வந்தன. சூழல் போனால் பாதி போச்சு.

வெற்றலமாரி: 2021-இல் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்த வித்தியாசம் வரவில்லை.

பழம்பெட்டி: சரி, அது எனக்குத் தெரியாது. வாசனைக்கு என்ன சொல்வீர்கள்? மற்ற புலன்களின் செய்தி முதலில் மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதிக்குப் போய்த்தான் மேலே போகும். வாசனை அந்தச் சுற்றுவழி இல்லாமலே உணர்ச்சியும் நினைவும் கையாளப்படும் பகுதிகளை எட்டிவிடும். படத்தில் வாசனை ஏது?

வெற்றலமாரி: ஆறு வருடம் கழித்து அந்தச் சட்டையில் பூச்சி உருண்டை வாசனைதான் வருகிறது ஐயா.

கோணல்ஓட்டை: இருவருமே பொருளை நினைவைத் திறக்கும் சாவியாகத்தான் பார்க்கிறீர்கள். எங்கள் அப்பாவின் பெல்ட்டில், கடைசி ஓட்டைக்கும் உள்ளே தள்ளி, ஆணியால் குத்திய இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. கோணல்மாணலாக. அவர் போய் வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். "கடைசிவரை கம்பீரமாக இருந்தார்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, எங்களுக்கே அது நினைவாகிவிட்டது. மனிதர் எங்களிடம் சொல்லாமல் மெலிந்துகொண்டே வந்திருக்கிறார். என் தலையில் இல்லாத ஒன்றை அந்தத் தோல் வைத்திருந்தது.

வெற்றலமாரி: அந்த ஓட்டைகளையும் படமெடுத்திருக்கலாமே?

கோணல்ஓட்டை: எடுத்திருக்கலாம், அங்கே ஓட்டை இருப்பது தெரிந்திருந்தால். நானாக எடுத்திருந்தால் பெல்ட்டை அழகாகச் சுருட்டி வைத்துத்தான் எடுத்திருப்பேன்.

பழம்பெட்டி: இதை நான் யோசிக்கவே இல்லை.

வெற்றலமாரி: நேற்று பெட்டியைத் திறந்தேன். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பில் கறுப்பு நூல் சுற்றியிருக்கிறது. அது எப்போது உடைந்தது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டேன். சட்டைகள் ஞாயிற்றுக்கிழமை போகின்றன, அதில் மாற்றமில்லை.