பிள்ளைக்கு வலிப்பு வந்த நேரம்: உங்கள் அனுபவம்

செந்தூல் அம்மா:
மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சல் மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்தேன். திடீரென்று கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. உதடெல்லாம் நீலம். மாமியார் "ஜன்னி, ஜன்னி" என்று கத்திக்கொண்டே சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். இறுக்கிப் பிடித்ததில் அந்தச் சின்ன விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. இன்றைக்கும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மருத்துவமனையில் காய்ச்சல் வலிப்பு என்றார்கள். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை வருமாம், பெரும்பாலும் பின்விளைவு இருக்காதாம். சரி. ஆனாலும் அவன் உடம்பு சுட்டால் எனக்குத் தூக்கம் இல்லை.

பட்டர்வொர்த் அப்பா:
எங்களுக்குக் காய்ச்சலே இல்லை. மகளுக்கு 6 மாதம். தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் குனியும், இரண்டு கையும் விரியும். சில நொடி விட்டு மறுபடியும். ஒரு கிளினிக்கில் வயிற்றில் காற்று என்றார்கள். என் அம்மா, பாப்பா பயந்திருக்கிறாள் என்று திருநீறு போட்டார். என் மனைவிக்கு மனசு ஒப்பவில்லை, கைப்பேசியில் படம் பிடித்தாள். பெரிய மருத்துவமனையில் அதைப் பார்த்த டாக்டர், சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அப்புறம் எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, அன்றே இஇஜி, மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை. வெஸ்ட் சிண்ட்ரோம் என்றார்கள், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு நோய். வெஸ்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1841இல் தன் சொந்த மகனிடம் கண்டு எழுதிய நோயாம். சிகிச்சை தள்ளிப்போனால் வளர்ச்சி பாதிக்கும் என்பதால்தான் அந்த அவசரம்.

பாலர் பள்ளி டீச்சர், பிரிக்பீல்ட்ஸ்:
செந்தூல் அம்மா, சாவியெல்லாம் வேண்டாம். காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் கூடாது. அமுக்கிப் பிடிக்காதீர்கள். மணியைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் நம்ம மலேசியாவில் ஆம்புலன்ஸுக்கு 999. இன்னொன்று: அரசாங்க கிளினிக்கில் 18 மாதத்திலும் 3 வயதிலும் எம்-சாட் என்று ஆட்டிசத்துக்கான கேள்வித்தாள் தருவார்கள். அதை வீட்டில் பாட்டியையும் கேட்டு நிரப்புங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, நம்பர் கூப்பிடப் போகிறார்கள் என்று நின்றபடியே எல்லாவற்றுக்கும் 'யா' (ஆம்) போட்டார். பையனோ, நாம் கூப்பிட்டால் திரும்பமாட்டான், விரல் நீட்டிக் காட்டமாட்டான். அவன் என் வகுப்புக்கு வந்த பிறகுதான் அதைப் பற்றி ஆளுக்காள் பேச ஆரம்பித்தார்கள்.

செந்தூல் அம்மா:
டீச்சர், சாவிதான் நிறுத்தியது என்று நான் எங்கே எழுதினேன்? மாமியார் செய்ததைச் சொன்னேன். வீடே அலறும்போது யார் மணி பார்ப்பது? பட்டர்வொர்த் அண்ணே, பாப்பா இப்போது எப்படி?

பட்டர்வொர்த் அப்பா:
வலிப்பு நின்றுவிட்டது. நடக்கிறாள், ஓடக்கூடச் செய்கிறாள். பேச்சுதான் வரவில்லை. பினாங்கில் தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் தமிழ், பயிற்சியில் மலாய் என்று குழம்புகிறாளோ என்று மனைவிக்குக் கவலை.

பாலர் பள்ளி டீச்சர், பிரிக்பீல்ட்ஸ்:
இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது அண்ணே. வீட்டில் தமிழையே பேசுங்கள். பினாங்கில் எனக்கு ஆள் தெரியாது, விசாரிக்கிறேன்.